கேட்பதில் எத்தனை வகை!

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் இரு வேலைகளைச் செய்கிறது. பிறர் சொல்வதைச் செவியில் ஏற்பதும் கேட்டல். ஐயம் வினவுவதும், பொருள் வேண்டுவதும் கேட்டலே. ஆங்கிலத்தில் செவியின் தொழிலுக்கு வேறு சொற்கள் உண்டு. வாயின் தொழிலுக்கு ‘ஆஸ்க்’ என்னும் சிறு சொல்லை ஆளுகின்றனர். குழந்தை தின்பண்டம் கேட்பதும், வழிப்போக்கன் வழி கேட்பதும், நீதிபதி சாட்சியைக் கேட்பதும் ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரு சொல் போதும். அங்ஙனமாயின், அதைச் சூழ்ந்து பத்துக்கு மேற்பட்ட வேறு சொற்கள் இருப்பானேன்? ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ‘ஆஸ்க்’ என்பது இங்கிலாந்தின் பழைய குடிமக்கள் பேசிய சொல். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் அந்நாட்டை வென்றனர். அதன் பின்னர் பிரெஞ்சு மொழி அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் இடம் பெற்றது. திருச்சபையிலும் கல்விக்கூடத்திலும் லத்தீன் ஆட்சி செலுத்தியது. இவ்வாறு ஒரே கருத்துக்கு மூன்று வழிகளில் சொற்கள் வந்து சேர்ந்தன. ‘ஆஸ்க்’ வீட்டுச் சொல்லாக நின்றது. ‘க்வெஸ்ச்சன்’ பிரெஞ்சின் வழியாக வந்தது. ‘இன்டராகேட்’ லத்தீனிலிருந்து பெறப்பட்டது. மூன்றும் வினவுதலே, எனினும் மூன்றும் ஒன்றல்ல.

நண்பனை ஊரின் பெயர் கேட்டால் அது ‘ஆஸ்க்’. நடந்ததை அறியும் பொருட்டுக் காவலர் ஒருவரிடம் பல வினாக்களைத் தொடுத்தால் அது ‘க்வெஸ்ச்சன்’. அவ்வினாக்கள் முறையாக, இடைவிடாமல், விடை சொல்லியே தீரவேண்டும் என்ற அதிகாரத்தோடு எழுந்தால் அது ‘இன்டராகேட்’. மேலும், ஒருவருடைய நேர்மையை ‘க்வெஸ்ச்சன்’ செய்தல் என்றால் அதனை ஐயுறுதல் என்று பொருள்படும். அங்கே ‘ஆஸ்க்’ என்னும் சொல்லை வைத்தால் கருத்தே சிதைந்துவிடும்.

இனி, பொருளையோ உதவியையோ வேண்டுதலைக் குறிக்கும் சொற்களைக் காண்போம். ‘ரிக்வெஸ்ட்’ என்பது மரியாதையுடன் விடுக்கும் வேண்டுகோள். அதனைக் கேட்பவர் மறுக்கவும் கூடும். அவ்வுரிமை அவருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே வேண்டுகிறோம். ‘டிமாண்ட்’ அத்தகையதன்று. ‘எனக்கு உரியதைக் கேட்கிறேன், மறுக்க உமக்கு இடமில்லை’ என்பது அச்சொல்லின் உள்ளுறை. வியப்பு என்னவெனில், பிரெஞ்சு மொழியில் இதன் உறவுச்சொல்லாகிய ‘திமாந்தே’ என்பது சாதாரணமாகக் கேட்பதையே குறிக்கும். இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் நில உரிமை கோரியோர் அச்சொல்லை வழங்கியமையால், ஆங்கிலத்தில் அதற்கு உரிமைக் குரல் ஏறியது. ஆகவே பிரெஞ்சுக்காரர் பணிவுடன் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் ‘டிமாண்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், வேண்டுகோள் மிரட்டலாகிவிடும்!

‘பெக்’ என்பது இரத்தல். ஆயினும் நெடுநாள் வழக்கினால் தேய்ந்து, சில தொடர்களில் வெறும் உபசாரமாக நிற்கிறது. மன்னிப்பைப் ‘பெக்’ செய்யும் ஆங்கிலேயர் உண்மையில் எவரிடமும் கையேந்துவதில்லை. ‘இம்ப்ளோர்’ என்பதன் லத்தீன் வேரில் அழுகை இருக்கிறது. கண்ணீர் மல்க மன்றாடுதலுக்கே அச்சொல் தகும். ‘சாலிசிட்’ என்பதன் வேரில் அமைதியைக் குலைத்தல் என்னும் கருத்து உண்டு. வாக்குக் கேட்டும் நன்கொடை கேட்டும் பலரை நாடிச் செல்வதற்கு அது பொருந்துகிறது. எனவே விடுமுறை விண்ணப்பத்தில் ‘டிமாண்ட்’ என்று எழுதும் மாணவன் ஆசிரியருக்குக் கட்டளையிடுகிறான். ‘இம்ப்ளோர்’ என்று எழுதுபவனோ அரைநாள் விடுமுறைக்காக அழுகிறான். ‘ரிக்வெஸ்ட்’ என்பதே அங்கு அளவான சொல்.

இச்சொற்களுக்குள் இத்துணை வேற்றுமை தோன்றக் காரணம் யாது? கேட்பவனுக்கும் கேட்கப்படுபவனுக்கும் இடையே உள்ள உறவே காரணம். இந்த நுட்பத்தைத் தமிழ் இலக்கணத்தார் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைத் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் ‘ஈ’ என்பான். ஒத்தவனிடம் ஒத்தவன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். ஆங்கிலம் உறவின் ஏற்றத்தாழ்வைக் கேட்டலைக் குறிக்கும் வினையில் வைத்தது. பழந்தமிழோ கொடுத்தலைக் குறிக்கும் வினையில் வைத்தது. இடம் வேறாயினும் கருத்து ஒன்றே.

இது வெறும் அகராதி விளையாட்டு அன்று. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ என்னும் நாவலில், ஏழையர் விடுதியில் வாழும் அநாதைச் சிறுவன் ஒருவன் பசி தாளாமல் இன்னும் சிறிது கஞ்சி கேட்கிறான். ஆசிரியர் அங்கே ஆளும் சொல் ‘ஆஸ்க்’ என்பதே. சிறுவன் மரியாதையுடன்தான் கேட்கிறான். ஆனால், விடுதியின் அதிகாரிகள் ஏதோ கலகம் மூண்டதுபோல் திகைக்கின்றனர். எளிய சொல்லுக்கும் அது எழுப்பிய பெருங்கலவரத்துக்கும் உள்ள இடைவெளியிலேதான் அக்காலத்துக் கொடுமை புலப்படுகிறது. ‘டிமாண்ட்’ என்று எழுதியிருந்தால் அக்காட்சி பாழாகியிருக்கும்.

நாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் முதலாம் சார்லஸ் மன்னனிடம் ஓர் ஆவணத்தை அளித்தது. பாராளுமன்றத்தின் இசைவின்றி வரி வாங்கலாகாது, காரணம் காட்டாமல் எவரையும் சிறையிடலாகாது என்பன அதன் கருத்துகளுட் சில. அதற்கு ‘உரிமை விண்ணப்பம்’ என்று பெயர். விண்ணப்பம் என்னும் சொல் பணிந்து நிற்கிறது; உரிமை என்னும் சொல் நிமிர்ந்து நிற்கிறது. மன்னனின் மதிப்பைக் காத்துக்கொண்டே மக்களின் உரிமையை நிலைநாட்டிய பெயர் அது.

அவ்வாங்கில மொழியிலேயே நம் தலைவர்களும் அரசோடு வழக்காடினர். 1885இல் தோன்றிய காங்கிரஸ் மகாசபை, தொடக்கக் காலத்தில் விண்ணப்பங்களும் வேண்டுகோள்களும் அனுப்பியது. பின்வந்த தீவிரவாதத் தலைவர்கள் அம்முறையைப் பிச்சை கேட்கும் அரசியல் என்று இடித்துரைத்தனர். 1929ஆம் ஆண்டு லாகூர் மாநாட்டில், பூரண சுயராஜ்யமே குறிக்கோள் என்று காங்கிரஸ் தீர்மானித்தது. வேண்டிப் பெறுவது என்ற நிலை மாறி, உரியதை உரியதெனச் சொல்லும் நிலை பிறந்தது. அந்த மாற்றத்தைச் சொற்களிலேயே காணலாம்.

மாணவ நண்பர்களே, ஒரு பொருள் குறித்த சொற்களைத் தேடுவோர்க்கு உதவும் நூல்களுள் பீட்டர் மார்க் ரோஜே தொகுத்தது பெயர் பெற்றது. மருத்துவரான அவர் 1805இல் தமக்கெனத் தொடங்கிய தொகுப்பு 1852இல் நூலாக வெளிவந்தது. அதில் சொற்கள் இனம் இனமாக அணிவகுத்து நிற்கும். ஆனால் எச்சொல் எவரிடம், எந்நிலையில் பொருந்தும் என்பதை அவ்வரிசை கற்பிக்காது. அதனை நல்ல நூல்களின் வாக்கியங்களிலேதான் கற்க வேண்டும். புதிய சொல் ஒன்றைக் கண்டால் மூன்றை நோக்குங்கள்: கேட்பவர் யார்? கேட்கப்படுபவர் யார்? மறுக்க அவருக்கு உரிமை உண்டா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், ஆளவேண்டிய சொல் இன்னதென்பது தெளிவாகும். உரிமையுள்ள இடத்தில் இரவாமலும், வேண்டத் தக்க இடத்தில் அதட்டாமலும் பேசக் கற்பது மொழிப்பயிற்சி மட்டுமன்று. குடிமைப் பயிற்சியும் ஆகும்.