கார்ல சைக்கிளை எங்க மாட்டுறது? ரேக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

பின்னாடி 'ஊஊ'ன்னு ஒரு சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. இது குத்துக்கல்வலசை, சீசன் நேரம். மைக்குக்கு ஸ்பாஞ்ச் மாட்டினாலும் காத்து உள்ள வந்துடுது. அந்தக் காத்துக்கும் இன்னைக்கு எபிசோடுக்கும் சம்பந்தம் இருக்கு, கொஞ்சம் பொறுங்க.

சென்னையிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, நானும் ஃப்ரெண்டும் குற்றாலம் வரோம். ரெண்டு சைக்கிள், ஒரு ஹேட்ச்பேக் கார். எந்த பைக் ரேக் வாங்கலாம்?"

முதல்ல பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடலாம். நம்ம ஊர்ல பைக்னா மோட்டார் பைக். கேரியர்னா சைக்கிளுக்குப் பின்னாடி இருக்கிறது, அதுல நாம ஏறி உட்காருவோம். இங்க சைக்கிளே கேரியர்ல ஏறுது. கடைக்காரர்கிட்ட "கார்ல சைக்கிள் மாட்டுற ஸ்டாண்ட்"னு கேட்டாத்தான் புரியும். இன்னொரு வேடிக்கை சொல்றேன். இந்தத் துறையில பெரிய பெயரான தூலே, 1942-ல ஸ்வீடனில் எரிக் தூலின் ஆரம்பித்த கம்பெனி. அவருடைய முதல் தயாரிப்பு ஒரு மீன் பொறி. எந்த மீனுக்குன்னு பார்த்தா, 'பைக்'னு ஒரு மீன். தமிழ்ல எழுதினா ரெண்டுமே பைக்தான்.

சரி, விஷயத்துக்கு வரேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் இதே தப்பைப் பண்ணியிருக்கேன். சென்னையிலிருந்து வீட்டுக்கு வரும்போது, டிக்கி கதவுல பெல்ட் போட்டு மாட்டுற ரேக்ல ரெண்டு சைக்கிள். ஆன்லைன்ல வாங்கினது, விலை குறைவு. மதுரை வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. புளியங்குடி தாண்டி சாரல் பிடிச்சது. கடையநல்லூர் வர்றதுக்குள்ள டிவிஎஸ் எக்ஸெல்ல வந்த ஒரு பெரியவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே பக்கத்துல வந்து கையை ஆட்டினார். ஓரங்கட்டினேன்.

"எய்யா, பின்னால சைக்கிளு தொங்குது பாரு. விழுந்தா எம்மேலதான விழும்?"

இறங்கிப் பார்த்தேன். மேல் கொக்கி மாட்டியிருந்த பிளாஸ்டிக் ஸ்பாய்லர் விரிஞ்சிருந்தது. ஒரு பக்கம் பெல்ட் தளர்ந்து, ரேக் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. இன்னும் நாலு ஸ்பீட் பிரேக்கர் போதும், முழுசா கழண்டிருக்கும். "தேங்க்ஸ் தாத்தா"ன்னு சொல்றதுக்குள்ள அவர் கிளம்பிட்டார். நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு கோட் எழுதுற ஆள். நாலு வருஷம் படிச்ச டார்க் கணக்கை வாங்குறதுக்கு முன்னாடி போடல, விரிஞ்ச ஸ்பாய்லரைப் பார்த்த பிறகுதான் போட்டேன்.

அந்தக் கணக்கை இப்ப போடலாம். ரெண்டு சைக்கிள் 30 கிலோ, ரேக் 10 கிலோ, மொத்தம் 40. இந்த எடையோட மையம் டிக்கியிலிருந்து சுமார் அரை மீட்டர் பின்னாடி தொங்குது. அதனால ரேக் பின்பக்கமா சாயப் பார்க்கும். கீழே ரேக்கோட கால்கள் பம்பரை அழுத்தும், மேல் பெல்ட்டுகள் இழுத்துப் பிடிக்கும். காலுக்கும் மேல் கொக்கிக்கும் நடுவில 60 சென்டிமீட்டர் உயரம்னு வச்சுக்கோங்க. மேல் பெல்ட்டுகள் தாங்க வேண்டிய இழுவிசை 40-ஐ அரையால் பெருக்கி 0.6-ஆல் வகுத்தா வரும். சுமார் 33 கிலோ. இது கார் நிக்கும்போது. பள்ளத்துல இறங்கி ஏறும்போது அந்த விசை நொடி நேரத்துக்கு மூணு மடங்கு ஆகுதுன்னு வச்சா 100 கிலோ. ரெண்டு கொக்கி, ஆளுக்கு 50. இதைத் தகரத்தோட விளிம்பு தாங்கும். பிளாஸ்டிக் ஸ்பாய்லர் அழகுக்கு வச்சது, அது எப்படித் தாங்கும்? போதாக்குறைக்கு நைலான் பெல்ட் நனைஞ்சா கொஞ்சம் நீளும். காலையில வெயில்ல இறுக்கின பெல்ட் சாரல்ல தளர்ந்ததுக்கு அதுதான் காரணம். பாலியஸ்டர் பெல்ட் அவ்வளவு நீளாது.

அதனால டிக்கி ரேக் வாங்குறவங்க முதல்ல உங்க காரோட பின்கதவைத் தடவிப் பாருங்க. மேல் விளிம்பு தகரமா, பிளாஸ்டிக்கா, கண்ணாடியா? தகரம் இல்லேன்னா அந்த ரேக் உங்களுக்கு இல்ல. செடான்காரங்களுக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்ல, டிக்கி மூடி முழுக்கத் தகரம்தான். தார், பொலேரோ மாதிரி ஸ்டெப்னி பின்கதவுல இருந்தா, அதுலயே மாட்டுற ரேக் தனியா கிடைக்குது.

அடுத்து, யாரும் யோசிக்காத விஷயம், அகலம். மாருதி ஸ்விஃப்டோட அகலம் 1.735 மீட்டர். ஒரு 29 இஞ்ச் எம்டிபி சைக்கிளோட நீளம் 1.8 மீட்டருக்கு மேல. குறுக்கா மாட்டினா சக்கரம் காருக்கு வெளியே நீட்டும். பக்கத்துல ஒட்டிப்போற டூவீலர்காரர் முழங்கால் உயரத்துல அது இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல சேர்த்த 194(1ஏ) பிரிவுப்படி, சுமை வண்டியோட பக்கவாட்டைத் தாண்டி நீட்டினா 20,000 ரூபாய் அபராதம். முன் சக்கரத்தைக் கழட்டி உள்ள போட்டுட்டா இந்தப் பிரச்சினை தீர்ந்தது. ரெண்டு நிமிஷ வேலை.

நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையக் கூடாது. ஐரோப்பாவுல சைக்கிளுக்குப் பின்னாடி இன்னொரு நம்பர் பிளேட்டும் விளக்கும் வச்ச பலகையை மாட்டுறாங்க. நம்ம ஊர்ல 2019 ஏப்ரல்லேர்ந்து புது வண்டிகளுக்கு ஹை செக்யூரிட்டி பிளேட். தெருமுனை ஸ்டிக்கர் கடையில இன்னொண்ணு அடிச்சு மாட்ட முடியாது. அதனால பிளேட்டுக்கு மேல சைக்கிளைத் தூக்கிப் பிடிக்கிற உயரமான டிசைன் மட்டும் பாருங்க. ரிவர்ஸ் கேமராவும் மறையும், சென்சார் விடாம கத்தும். அது பழகிடும்.

வெளிநாட்டு யூடியூப்ல எல்லாரும் புகழுற ஹிட்ச் ரேக், அதாவது இழுவைக் கொக்கியில மாட்டுறது, நல்ல டிசைன்தான். எடை காரோட அடிச்சட்டத்துல நேரா உட்காருது. ஆனா நம்ம கார்கள்ல பெரும்பாலும் அந்தக் கொக்கி கம்பெனியிலேர்ந்தே வராது. வெளியே வெல்டிங் பட்டறையில போட்டா வண்டியை மாத்தி அமைச்ச கேள்வி வரும். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. ஹேட்ச்பேக்குக்கு இதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

இப்ப கூரை. இங்கதான் அந்தக் காத்து வருது. கேரளாவிலிருந்து வர்ற தென்மேற்குப் பருவக்காத்து செங்கோட்டைக் கணவாய் வழியா இந்தப் பக்கம் பாயுது. சுத்துவட்டாரத்துல இத்தனை காற்றாலை நிக்கிறது அதனாலதான். கூரையில நிக்கிற ரெண்டு சைக்கிள் பக்கக் காத்துல காரை லேசா தள்ளும். ஸ்டியரிங்ல நல்லாவே தெரியும். எதிர்க்காத்துக் கணக்கு வேற. வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி விசை கூடும். 70-லேர்ந்து 100-க்கு போனா தடுக்குற விசை ரெண்டு மடங்கு. பெட்ரோல் செலவும் கூடும்.

எடைக்கு கார் மேனுவலைப் பாருங்க. என் காருக்குக் கூரை வரம்பு 50 கிலோ. குறுக்குக் கம்பி 5, ரெண்டு டிரே 8, சைக்கிள் 28, ஆக 41. தப்பிச்சேன். உங்க ஃப்ரெண்டோட சைக்கிள் எலெக்ட்ரிக்னா ஒண்ணே 20 கிலோவைத் தாண்டலாம், கணக்கு உடையலாம். ஃபோர்க்கை டிரேயில பூட்டுற வகைன்னா உங்க முன் அச்சு குவிக் ரிலீஸா, த்ரூ ஆக்ஸிலான்னு பார்த்து வாங்குங்க. ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுல நேரா உட்காராது, அடாப்டர் தேடி அலையணும். கார்பன் ஃப்ரேம்னா குழாயை இறுக்குற கிளாம்ப் வேண்டவே வேண்டாம், விரிசல் விட்டா வெளியே தெரியாது.

உயரம் மறந்துடும். 1.5 மீட்டர் கார் மேல சைக்கிள் நின்னா 2.6 மீட்டர் வரும். நீங்க சென்னை அபார்ட்மென்ட்ல இருக்கீங்க. பேஸ்மென்ட் பார்க்கிங் வாசல்ல தொங்குற போர்டைப் பாருங்க. பத்து மணி நேரம் ஓட்டிட்டுத் திரும்பி வர்ற தூக்கத்துல, தலைக்கு மேல சைக்கிள் இருக்கிறது ஞாபகம் இருக்காது. ஸ்டியரிங்ல ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைங்க.

இவ்வளவும் சொல்லிட்டு என் பதில். நீங்க ரெண்டே பேர். பின்சீட்டை மடக்குங்க. சக்கரங்களைக் கழட்டி, நடுவில பழைய போர்வை ஒண்ணு போட்டு ரெண்டு சைக்கிளையும் உள்ள படுக்க வைங்க. செயின் பக்கம் மேல பார்க்கட்டும். அசையாம சீட் பெல்ட் கொக்கியில கட்டிடுங்க, சடன் பிரேக்குல முன்னாடி பாயக் கூடாது. நான் இப்ப அப்படித்தான் போறேன். நாலு பேர் போனாத்தான் கூரை ரேக்கை எடுக்கிறேன்.

காரே வேண்டாம்னா எழும்பூர்ல பொதிகை ஏறுங்க. டிக்கெட்டோட சைக்கிளை லக்கேஜா புக் பண்ணி பிரேக் வேன்ல ஏத்தலாம். கொஞ்சம் முன்னாடியே பார்சல் ஆபீஸ் போகணும், பெயரும் ஸ்டேஷனும் எழுதின அட்டை ரெண்டு பக்கமும் கட்டணும். காலையில தென்காசியில இறங்கி அப்படியே மிதிச்சே வந்துடலாம்.

கார்தான்னா, பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்து நாலு அளவு எழுதி எனக்கு அனுப்புங்க. சைக்கிள் நீளம், முன் சக்கரம் இல்லாத நீளம், பின்சீட் மடக்கின இடம், காரோட அகலம். பின்கதவோட மேல் விளிம்பை ஒரு போட்டோவும் எடுங்க.