சங்கத்தின் பால் குளிரூட்டியை மாற்றும் முன்

ஆனைமலைத் தொடரின் இரு பக்கங்களிலும் கேரள எல்லைக்குள் தமிழ் பேசும் ஊர்கள் உள்ளன. வடக்கே பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்றவை. தெற்கே இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகியவை. ஒன்று கணவாய்க் காற்று வீசும் வறண்ட சமவெளி, மற்றொன்று மலை. இரண்டு பகுதிகளிலும் மாடு வளர்ப்போரின் அன்றாட வரவு, ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஒரே ஒரு இயந்திரத்தைச் சார்ந்திருக்கிறது. அதுதான் பால் குளிரூட்டி. சங்கத்தார் வழக்கில் பல்க் கூலர்.

அந்த இயந்திரம் பழுதாகி, புதியது வாங்க வேண்டிய நிலை வரும்போது, நிர்வாகக் குழு பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறது. எத்தனை லிட்டர் கொள்ளும்? விலை என்ன? இவ்விரண்டும் வேண்டிய கேள்விகளே. ஆனால் போதிய கேள்விகள் அல்ல. ஆண்டின் மிக வெப்பமான நாளில், மிக அதிகமாகப் பால் வந்து சேரும் வேளையில், மின்சாரமும் நின்றுபோனால் இந்த இயந்திரம் என்ன செய்யும் என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று மணி நேரக் கெடு

மடியிலிருந்து வரும் பால் ஏறக்குறைய மாட்டின் உடல் வெப்பத்திலேயே இருக்கிறது. அந்த வெதுவெதுப்பு நுண்ணுயிர்களுக்கு மிக உகந்தது. ஏற்ற சூழலில் அவை அரை மணி நேரத்துக்குள் இரு மடங்காகப் பெருகவல்லவை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மூன்று மணி நேரத்தில் அறுபது மடங்கைத் தாண்டிவிடும். பாலை 4 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவந்தால் இந்தப் பெருக்கம் பெரிதும் தணிகிறது. ஆனால் குளிர் நுண்ணுயிரைக் கொல்வதில்லை; அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. தாமதமாகக் குளிர்ந்த பாலைப் பின்னர் எவ்வளவு குளிர்வித்தாலும் இழந்த தரம் திரும்பாது.

ஆகவே குளிரூட்டியின் தகுதியை அளக்கும் கோல் கொள்ளளவு அன்று, வேகம். பால் குளிரூட்டிகளுக்கான ஐஎஸ்ஓ 5708 என்னும் பன்னாட்டுத் தரநிலை இதைத்தான் வகைப்படுத்துகிறது. விலைப்புள்ளியில் ‘2 பி 2’ என்பதுபோல் ஒரு குறியீடு காணப்படும். அதன் மூன்று பகுதிகளையும் படிக்கத் தெரிந்திருப்பது நன்று.

முதல் எண், தொட்டி எத்தனை வேளைப் பாலில் நிறையும் என்பதைச் சொல்கிறது. 2 என்றால் ஒரு வேளைக்குத் தொட்டியின் பாதியளவு. 4 என்றால் கால் பங்கு. நடுவிலுள்ள எழுத்து, சுற்றுப்புற வெப்பத்தைக் குறிக்கிறது. ‘ஏ’ வகை 38 டிகிரியில் சோதிக்கப்பட்டு, 43 டிகிரி வரை பாதுகாப்பாக இயங்க வேண்டும். ‘பி’ வகைக்கு இந்த அளவுகள் 32, 38. ‘சி’ வகைக்கு 25, 32. கடைசி எண், பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவரும் நேரம். 2 என்றால் மூன்று மணி நேரம். 1 என்றால் இரண்டரை மணி நேரம்.

இதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். 2,000 லிட்டர் தொட்டிகள் இரண்டு, தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கலாம். ஒன்று இரு வேளை வகை, மற்றொன்று நான்கு வேளை வகை. முன்னது ஒரே நேரத்தில் 1,000 லிட்டரைக் குளிர்விக்கும். பின்னதற்கு 500 லிட்டரே உரிய அளவு. பின்னது விலை குறைவாகத் தோன்றினால் வியப்பில்லை. அதிலுள்ள கம்ப்ரசர் சிறியது. காலையில் 1,000 லிட்டர் வாங்கும் சங்கம் அதை நம்பி வாங்கினால், பால் குளிர்வதற்கு முன்பே தரம் இறங்கிவிடும்.

இடத்துக்கேற்ற தேர்வும் இங்கேயே தீர்மானமாகிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பாலக்காட்டில் உண்டு. சித்தூர்ப் பகுதிச் சங்கம் ‘பி’ வகையை வாங்கினால், மிகவும் தேவைப்படும் நாளில் அது திணறும். ‘ஏ’ வகையே அங்கே பொருந்தும். மலை மேலுள்ள வட்டவடைக்கு ‘ஏ’ வகையின் கூடுதல் விலை தேவையற்ற செலவாகலாம். பக்கத்து மாவட்டச் சங்கம் வாங்கியதையே நாமும் வாங்குவோம் என்பது இதனால்தான் எப்போதும் நல்ல முடிவாவதில்லை.

பெரிதாக வாங்குவதிலும் ஒரு கேடு உண்டு. நாளைய வளர்ச்சிக்கும் சேர்த்து மிகப் பெரிய தொட்டியை வாங்கினால், பால் குறைவாக வரும் மாதங்களில் கலக்கும் துடுப்பு பாலைத் தொடாமலே சுழலும். அடித்தட்டை ஒட்டிய பால் உறைந்துபோகும். ஒரு பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு சிறிய தொட்டிகளை வாங்குவது பல சங்கங்களுக்கு நன்மை தரும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

நேரடிக் குளிரா, பனிச் சேமிப்பா?

குளிரூட்டிகள் இரு முறைகளில் இயங்குகின்றன. நேரடி முறையில், தொட்டியின் அடித்தட்டே குளிர்ந்து பாலின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அமைப்பு எளியது; மின் செலவும் குறைவு. ஆனால் பால் வந்த பிறகே வேலை தொடங்குவதால், அந்த மூன்று மணி நேரமும் மின்சாரம் தடையின்றி வர வேண்டும்.

மற்றது ‘ஐஸ் பேங்க்’ எனப்படும் பனிச் சேமிப்பு முறை. இரவு முழுவதும் செப்புக் குழாய்களைச் சுற்றி நீரை உறையவைத்துப் பனிக்கட்டியாகச் சேர்த்துக்கொள்கிறது. காலையில் பால் வந்ததும் பனிக்கட்டியைத் தொட்டு வரும் குளிர்நீர் அதன் வெப்பத்தை ஏற்கிறது. வங்கி வாடிக்கையாளருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: ஓய்ந்த நேரத்தில் சேமித்து, தேவையான நேரத்தில் எடுத்துக்கொள்ளும் கணக்கு.

அளவைப் பார்ப்போம். 1,000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 35 யூனிட் மின்னாற்றலுக்கு ஈடான வெப்பத்தை நீக்க வேண்டும். ஏறக்குறைய 375 கிலோ பனிக்கட்டி உருகினால் அந்த வெப்பத்தை விழுங்கிவிடும். நேரடி முறையில் இவ்வேலையை மூன்று மணி நேரத்தில் முடிக்க 12 கிலோவாட் அளவு குளிரூட்டும் திறன் வேண்டும். இரவின் பத்து மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மூன்றரை கிலோவாட் போதும். ஆகையால் கம்ப்ரசர் சிறியதாக இருக்கலாம். மின் இணைப்பின் திறனும் ஜெனரேட்டரின் அளவும் குறையும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துபோகும் மலையூர்களில், சேர்த்துவைத்த பனிக்கட்டியே காப்பு. குளிர்நீரைச் சுழற்றும் சிறு மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் கிடைத்தால் போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பனி உறைய, பால் குளிர்வதைவிடத் தாழ்ந்த வெப்பநிலை வேண்டும். அதனால் ஒரே அளவு பாலுக்கு இம்முறை சற்று அதிக மின்சாரம் கொள்ளும். மேலும், பனியை உண்டாக்குவதைவிட அதைப் பேணுவதே அரிது. குழாயைச் சுற்றிப் பனி அளவுக்கு மீறித் தடித்தால், அதுவே வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிவிடும். அடுத்தடுத்த குழாய்களின் பனி ஒன்றோடொன்று ஒட்டினால் நீரோட்டம் அடைபடும். பனித் தடிப்பை உணர்ந்து கம்ப்ரசரை நிறுத்தும் கருவி இருக்கிறதா, பழுதானால் அதை மாற்றுவது எளிதா என்று கேட்டறிவது அவசியம்.

பனியைப் பேணும் இந்தச் சிக்கலுக்கு உலகப் புகழ்பெற்ற ஒரு விடை, பால் தொழிலோடு தொடர்புள்ள ஒரு பட்டறையிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிராங்க் சாம்போனியும் அவர் தம்பி லாரன்சும் பால் பண்ணைகளுக்குக் குளிரூட்டும் கருவிகளை அமைத்துத் தந்தவர்கள். பின்னர் பனிக்கட்டி ஆலை நடத்தினார்கள். வீட்டுக்கு வீடு குளிர்சாதனம் வரத் தொடங்கிப் பனிக்கட்டிக்குத் தேவை குறைந்ததும், 1940-இல் பனிச்சறுக்கு அரங்கம் திறந்தார்கள். சறுக்குவோரின் காலணியால் கீறப்பட்ட தளத்தைச் சீராக்க, பல ஆட்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. மேற்பரப்பைச் சீவி, கழுவி, நீர் படரவிடும் வண்டியை ஃபிராங்க் 1949-இல் உருவாக்கினார். ஒருவரே பத்து நிமிடத்தில் அவ்வேலையை முடிக்க முடிந்தது. சறுக்கு அரங்கமானாலும் பால் சங்கமானாலும், குளிரைப் பேணும் கருவி சரியாக இல்லையெனில் முதலீடு முழுவதும் வீணாகும்.

வாங்கும் விலையும் நடத்தும் செலவும்

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2011-ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் உள்ளரங்கப் பனித்தளம் கட்டப்பட்டது. போட்டி முடிந்தபின், நடத்தும் செலவு சுமையாகி, அது பல்லாண்டுகள் மூடிக்கிடந்து, 2025-இல்தான் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டுவதற்கான பணம் ஒருமுறை தேவை. நடத்துவதற்கான பணம் ஒவ்வொரு நாளும் தேவை.

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். முதல் இயந்திரத்தின் விலை 8 லட்சம் ரூபாய். 1,000 லிட்டருக்கு 20 யூனிட் செலவழிக்கிறது. இரண்டாவதன் விலை 10 லட்சம். 15 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய். நாளொன்றுக்கு 1,000 லிட்டர் வாங்கும் சங்கம், இரண்டாவதைத் தேர்ந்தால் ஆண்டுக்கு 14,600 ரூபாய் மிச்சப்படுத்தும்; பத்தாண்டில் 1,46,000. கூடுதலாகக் கொடுத்த 2 லட்சம் திரும்பவில்லை. நாளொன்றுக்கு 2,000 லிட்டர் என்றால் மிச்சம் 2,92,000. ஆனால் அந்த 2 லட்சத்தை 10 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றிருந்தால், வட்டி மட்டுமே ஏறக்குறைய 79,000 ஆகும். லாபம் சொற்பமாகிவிடுகிறது.

ஆக, மின் சிக்கனம் ஒன்றை மட்டும் கொண்டு சிறிய சங்கம் முடிவெடுக்க இயலாது. தராசை மாற்றுவது வேறொன்று. லிட்டர் 45 ரூபாய் என்று கொண்டால், ஒருமுறை கெட்டுப்போகும் 1,000 லிட்டர் பாலின் மதிப்பு 45,000 ரூபாய். அது மூன்றாண்டு மின் மிச்சத்தை ஒரே காலையில் விழுங்கிவிடும். இழப்பைச் சுமப்பவர் இரண்டு மாடு வைத்திருக்கும் உறுப்பினர். எனவே நம்பகமாக இயங்குவதும், பழுதானால் விரைந்து சரிசெய்ய முடிவதும் மின் சிக்கனத்துக்கு முன்னே வைக்கத்தக்கவை. பழுதுபார்ப்பவர் எங்கிருந்து வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார், உதிரிப் பாகம் அருகில் கிடைக்குமா என்பவற்றை வாய்மொழியாக அல்லாமல் எழுத்தில் பெற வேண்டும்.

குளிரூட்டும் வாயுவையும் பார்க்க வேண்டும். பழைய இயந்திரங்களில் காணப்படும் ஆர்-22, ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி விலக்கப்பட்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-404ஏ புவி வெப்பத்தை மிகுவிப்பது. அவ்வகை வாயுக்களைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. 2028-இல் அவற்றின் அளவு வரம்புக்குள் வரும். 2032 முதல் படிப்படியாகக் குறையும். இன்று வாங்கும் இயந்திரம் அதற்குள் முதுமை அடைந்திராது. அப்போது வாயு நிரப்ப எவ்வளவு ஆகும் என்பதை இன்றே எண்ணிப் பார்ப்பது விவேகம்.

செலவு குறைந்த ஒரு துணையும் உண்டு. பால் தொட்டிக்குள் போகுமுன், நீரோடும் தகடுகளின் வழியே அதைச் செலுத்தலாம். 18 டிகிரி ஊற்று நீர் கிடைக்கும் மலைச் சங்கத்தில் 35 டிகிரிப் பால் 22 டிகிரிக்கு இறங்கினால், குளிரூட்டியின் வேலையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். சமவெளியின் கிணற்று நீரில் இந்தப் பயன் மிகவும் குறைவு.

வங்கிக்கு வருமுன்

முதற்பணி, பழைய இயந்திரத்தை ஒரு மாதம் கவனிப்பது. ஒவ்வொரு வேளையும் வந்த பால், 4 டிகிரியை எட்டிய நேரம், மின்தடை, மின் அளவி காட்டும் யூனிட் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். தூசியடைந்த கண்டென்சரும் வாயுக் கசிவும் இயந்திரத்தை முதுமையடைந்ததாகக் காட்டக்கூடும்; பழுது நீக்கினாலே சில ஆண்டுகள் உழைக்கலாம். மாற்றுவதுதான் வழி என்றால், அதே பதிவேடு உச்ச அளவைக் காட்டும். அதுவே கடன் விண்ணப்பத்துக்கும் உறுதியான ஆதாரம்.

அடுத்து உதவித் திட்டங்கள். மத்திய அரசின் தேசியப் பால்வள மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ்ப் பால் குளிரூட்டிகளுக்கு உதவி உண்டு. கால்நடை வளர்ப்பு உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியின் கீழ், தகுதியுள்ள கடன்களுக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் வழங்கப்படுகிறது. மாநிலப் பால்வளத் துறை அலுவலகத்திலும், பாலக்காடாயின் மில்மாவின் மலபார் ஒன்றியத்திலும் இடுக்கியாயின் எர்ணாகுளம் ஒன்றியத்திலும், நடப்பு விதிகளைக் கேட்டறியலாம். மானியம் உண்டென்று பொருந்தாத இயந்திரத்தை வாங்குவதைவிட, பொருந்தும் இயந்திரத்தை முடிவுசெய்து அதற்கு மானியம் தேடுவதே முறை.

விண்ணப்பத்துடன் குறைந்தது மூன்று விலைப்புள்ளிகளை இணையுங்கள். மூன்றும் ஒரே வகைக் குறியீட்டுக்கு உரியவையா என்று ஒப்பிடுங்கள். இல்லையேல் அது ஒப்பீடே ஆகாது. ஆண்டுப் பராமரிப்பு, ஜெனரேட்டர், கழுவும் ஏற்பாடு ஆகியவற்றின் செலவையும் திட்டத்தில் சேர்த்துக் காட்டுங்கள். பால் வரத்து குறையும் கோடை மாதங்களில் தவணை சுமையாகாதபடி திருப்பிச் செலுத்தும் கால அட்டவணையை அமைத்துக்கொள்வது பற்றிக் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். புதிய தொட்டி வந்து நிறுவப்பட்டதும், ஒப்புதல் கையெழுத்து இடுமுன், ஒரு வேளைப் பாலை முழு அளவில் ஊற்றிக் கடிகாரம் பார்த்துச் சோதியுங்கள். மூன்று மணி நேரத்தில் 4 டிகிரி வந்த பிறகு மீதித் தொகையைக் கொடுக்கலாம்.