மணி அடிக்கும் முன்னே

பள்ளியில் செய்முறை வகுப்பு எப்போது தொடங்குகிறது? மணி அடித்து மாணவர்கள் ஆய்வுக்கூடத்திற்குள் நுழையும்போது என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. மாணவரின் மேசைமேல் இருக்கும் நீர்த்த கந்தக அமிலம், முதல்நாள் அடர் அமிலமாக இருந்தது. பென்சில் முனை அளவில் அவர் எடுத்துப் பயன்படுத்தும் உப்பு, அலமாரியில் அரைக் கிலோ புட்டியில் இருந்தது. அவற்றை எடுத்து, அளந்து, கரைத்து, பெயர் எழுதி வைத்தவர் ஆய்வுக்கூட உதவியாளர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாணவர் கையாளும் பொருளைவிட உதவியாளர் கையாளும் பொருள் வீரியம் மிக்கது, அளவிலும் பெரியது. மாணவர் வேலை செய்யும்போது ஆசிரியர் அருகில் நிற்கிறார். உதவியாளர் வேலை செய்யும்போதோ பெரும்பாலும் எவரும் அருகில் இருப்பதில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்கு 2015 மே 31 அன்று எழுத்துத் தேர்வு நடைபெற்றது. அதற்குரிய கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அப்படிப் பணியில் சேரும் ஒருவரிடம் அடர் அமிலப் புட்டியையும் ஒரு விதிப் பட்டியலையும் கொடுத்தால் போதுமா? போதாது. ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த விதி அவசர வேளையிலும் நினைவில் நிற்கும். அத்தகைய சில விதிகளையும் அவற்றின் காரணங்களையும் இங்கே பார்ப்போம்.

அமிலம் முதலிலா, நீர் முதலிலா?

‘அமிலத்தை நீரில் ஊற்று, நீரை அமிலத்தில் ஊற்றாதே’ என்பது எல்லோரும் அறிந்த விதி. ஏன் அப்படி?

அடர் கந்தக அமிலம் நீரோடு சேரும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படுகிறது. 900 மி.லி. நீரில் 100 மி.லி. அடர் அமிலத்தைச் சேர்த்தால் கரைசலின் வெப்பநிலை 30 டிகிரி அளவுக்கு உயரும். புதுச்சேரியில் வெயில் காலத்துத் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். ஆக, கரைசல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். கையால் பிடிக்க முடியாத சூடு இது. முறையாகக் கலக்கும்போதே இவ்வளவு வெப்பம்!

முறை மாறினால் என்ன ஆகும்? அடர் அமிலம் நீரைப்போல் 1.84 மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே அதன்மேல் ஊற்றிய நீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். இரண்டும் சந்திக்கும் மெல்லிய படலத்திலேயே வெப்பம் முழுவதும் குவியும். அமிலம் கொதிக்க 300 டிகிரிக்கு மேல் வேண்டும். நீருக்கு 100 டிகிரி போதும். எனவே நீர் நொடியில் ஆவியாகிறது. 1 மி.லி. நீர் ஆவியானால் அதற்கு 1,600 மி.லி.க்கு மேல் இடம் தேவை. அவ்வளவு வேகமாக விரியும் நீராவி, அமிலத் துளிகளையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கிறது.

நீர் கீழே இருந்தால் கதை வேறு. சிறு தாரையாக விழும் அமிலம் தன் கனத்தால் கீழே இறங்கிக் கலக்கிறது. வெப்பத்தைத் தாங்கிக்கொள்ள நிறைய நீர் இருக்கிறது.

கலக்கும் பாத்திரத்திலும் கவனம் தேவை. அளவு சாடியிலோ கனத்த புட்டியிலோ நீர்க்க வைக்கக் கூடாது. கனத்த கண்ணாடியின் உட்புறம் சூடாகி விரியும்போது வெளிப்புறம் குளிர்ந்தே இருப்பதால் அடிப்பகுதி விரிசல் விட்டுப் பெயர்ந்துவிடும். போரோசிலிக்கேட் கண்ணாடியாலான முகவையே ஏற்றது. சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அது விரியும். முகவையைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, கண்ணாடித் தண்டால் கலக்கிக்கொண்டே அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கரைசல் ஆறிய பிறகே புட்டியில் ஊற்றுங்கள்.

எரிசோடாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதுவும் கரையும்போது கொதிப்பது போலச் சூடாகும். திண்மத்தை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். கண்ணில் பட்டால் காரம், அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும் என்பதை மறக்கக் கூடாது.

பன்சன் இழந்த கண்

பன்சன் அடுப்பு என்றவுடன் நமக்கு நீலச் சுடர் நினைவுக்கு வரும். அதற்குப் பெயர் தந்த ஜெர்மானிய வேதியியலர் ராபர்ட் பன்சன், ஆர்சனிக் சேர்மம் ஒன்றை ஆராய்ந்தபோது ஏற்பட்ட வெடிப்பில் வலக்கண் பார்வையை இழந்தார். உலகம் போற்றிய வல்லுநருக்கே நேர்ந்தது இது. பழக்கம் மிகுந்த கை, கண்ணைக் காப்பதில்லை. காப்புக் கண்ணாடிதான் காக்கும். மாணவருக்கு வாங்கும் முன் உதவியாளருக்கு ஒன்று வாங்க வேண்டும். அடர் கரைசல்களைத் தொடுபவர் அவரல்லவா?

கடற்காற்றும் அலமாரியும்

புதுச்சேரி போன்ற கடலோர நகரங்களில் ஆய்வுக்கூட அலமாரிக்குத் தனிப் பகைவன் ஒருவன் உண்டு: ஈரமான உப்புக் காற்று. எரிசோடாப் புட்டியின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் போதும்; வில்லைகள் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்து கூழாகிவிடும். அதை எடைபோட்டுத் தயாரித்த கரைசலின் செறிவு சரியாக இராது. சோடியம் உலோகம் மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். மண்ணெண்ணெய் மெல்ல ஆவியாகிக் குறையும். மாதம் ஒருமுறை மட்டத்தைப் பாருங்கள். செய்து காட்ட ஒரு நெல்மணி அளவு துண்டு போதும். மீந்த துண்டைத் தொட்டியில் எறிவது விபத்தை அழைப்பதாகும். புட்டிக்கே திருப்ப வேண்டும்.

மே மாதத்தில் மூடிக்கிடந்த அறையில் அம்மோனியாக் கரைசல் புட்டியைத் திடீரெனத் திறக்க வேண்டாம். வெப்பம் கூடினால் நீரில் வாயு கரையும் அளவு குறையும். பிரிந்த வாயு மூடிக்கு அடியில் அழுத்தத்துடன் காத்திருக்கும். புட்டியைக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் வைத்த பின், முகத்தைத் திருப்பிக்கொண்டு திறவுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அதன் அருகில் வைக்காதீர்கள். இரண்டின் ஆவியும் சேர்ந்து வெண்புகையாகி எல்லாவற்றின்மீதும் படியும். தராசும் மின்மானிகளும் கெடும்.

ஈரத்தில் பெயர்ச்சீட்டு உரிந்துபோகும். பென்சிலால் எழுதி மேலே மெழுகு தடவினால் நெடுநாள் நிற்கும். பெயரில்லாத புட்டியை மோந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆசிரியரிடம் ஒப்படைப்பதே முறை. அமிலப் புட்டிகள் கண்மட்டத்துக்குக் கீழுள்ள தட்டிலேயே இருக்கட்டும். மேல்தட்டிலிருந்து நழுவும் புட்டி முகத்துக்குத்தான் வரும்.

மூக்கை நம்பலாமா?

உப்பு ஆய்வில் பயன்படும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. இந்த நாற்றமே எச்சரிக்கை என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். காற்றில் அதன் அளவு கூடும்போது மூக்கின் உணர்வு மரத்துவிடுகிறது. நாற்றம் நின்றது என்றால் வாயு நின்றது என்று பொருளல்ல; ஆபத்து முற்றியதாகவும் இருக்கலாம். எனவே வாயுவைத் தயாரிக்கும்போது புகைக்கூண்டின் விசிறி ஓட வேண்டும். புகைக்கூண்டு இல்லையேல் அந்த வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும்.

பிரெஞ்சுக் காலப் பாணிக் கட்டடங்களில் கூரை உயரம். காற்றுப்போக்கிகளும் உயரத்திலேயே இருக்கும். சூடான காற்று வெளியேற அவை நல்லவை. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானவை. கசிந்த வாயு முதலில் தரையை ஒட்டியே பரவும். ஆகவே கதவையும் தாழ்ந்த சன்னல்களையும் திறக்க வேண்டும். வாயு கசிவதாக ஐயம் எழுந்தால் மின் சுவிட்சைத் தொடக் கூடாது. அதன் சிறு பொறியே தீ மூட்டிவிடும்.

இரண்டு வோல்ட் என்ன செய்யும்?

இயற்பியல் கூடத்தில் அமிலம் குறைவு. அதனால் ஆபத்தும் இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. காரீயச் சேமக்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 2 வோல்ட்தான்; தொட்டால் அதிர்ச்சி தராது. ஆனால் அதன் அகத்தடை மிகச் சிறிது. அது 0.01 ஓம் என்று கொள்வோம். ஒரு ஸ்பானர் தவறி இருமுனைகளையும் இணைத்தால் ஓமின் விதிப்படி 200 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்! கையில் மோதிரம் இருந்து அதன் வழியே மின்னோட்டம் பாய்ந்தால் மோதிரம் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டே சேமக்கலத்தைத் தொட வேண்டும்.

மின்னேற்றம் செய்யும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய கலவையாகிவிடும். ஆகவே மின்னேற்றம் காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும். முதலில் மின்னேற்றியை அணையுங்கள். பிறகே கம்பிகளைக் கழற்றுங்கள். வரிசை மாறினால் பொறி பறக்கும், அதுவும் ஹைட்ரஜனுக்கு நடுவே.

சுரமானிக் கம்பியையும் கவனியுங்கள். எடை தொங்கும்போது அது இழுக்கப்பட்ட வில்லைப் போன்றது. துருப்பிடித்த கம்பி அறுந்தால் நேரே கண்ணை நோக்கிச் சுழலும். கடலோரப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கம்பியை மாற்றிவிடுவது நல்லது.

உடைந்த வெப்பமானியும் பழைய பெட்டியும்

வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் கூட்டும் வழக்கம் இருக்கிறது. இது ஏன் தவறு? 4 மி.மீ. விட்டமுள்ள பாதரசத் துளி ஒன்று 0.4 மி.மீ. துளிகளாகச் சிதறினால் 1,000 துளிகள் ஆகும். மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். பரப்பு கூடினால் நச்சு ஆவியும் கூடும். இரு தடித்த அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து, நீருள்ள சிறு புட்டியில் இட்டு மூட வேண்டும். இடுக்கில் ஒளிந்தவற்றின்மேல் கந்தகப் பொடி தூவலாம். பாதரசம் கலந்த எதையும் குப்பையில் போடக் கூடாது.

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, ஊருக்குள் பழைய பொருள் கிடங்கில் கிடந்தது 2001இல் வெளிப்பட்டது. அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. சாதாரணப் பள்ளிச் சோதனைகளுக்குச் சாராய வெப்பமானியே போதும்.

இன்னொரு நிகழ்ச்சி தில்லியில் நடந்தது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல்லாண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி, 2010இல் பழைய சாமான்களோடு ஏலம் விடப்பட்டது. மாயாபுரிக் கடைகளில் அதை உடைத்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பள்ளியில் அத்தகைய கருவி இராது. எனினும் பாடம் ஒன்றே: என்னவென்று தெரியாத பொருளைக் கழிவென்று வெளியே அனுப்பக் கூடாது.

தண்ணீரே முதல் மருந்து

அமிலமோ காரமோ பட்டால் உடனே ஓடும் நீரால் கழுவ வேண்டும். நனைந்த துணியைக் களைந்துவிட வேண்டும். அமிலத்துக்குச் சோடா உப்பு, காரத்துக்கு வினிகர் என்று தேடி ஓட வேண்டாம். தேடும் நேரத்தில் புண் ஆழமாகும். நடுநிலையாக்கும்போது எழும் வெப்பம் வேறு சுடும். கண்ணில் பட்டிருந்தால் இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடமாவது மெல்லிய தாரையால் கழுவுங்கள். பாதித்த கண் கீழ்ப்புறம் இருக்கட்டும். இல்லையேல் கழுவிய நீர் நல்ல கண்ணுக்குள் போகும். 108 எண்ணில் அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது புட்டியின் பெயரை எழுதி உடன் கொடுத்தனுப்புங்கள்.

இதிலிருந்து ஓர் எளிய விதி பிறக்கிறது. அமிலப் புட்டியைத் தொடும் முன் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வரவில்லையா? அன்று அமிலம் தயாரிக்க வேண்டாம்.

ஆசிரியரின் பங்கு

இவையெல்லாம் உதவியாளர் மட்டுமே சுமக்க வேண்டிய சுமையல்ல. அடர் கரைசல் தயாரிக்கும்போது கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கும்படி தலைமையாசிரியர் ஏற்பாடு செய்ய வேண்டும். ‘நாளைக் காலைக்குள் எல்லாம் தயாராக வேண்டும்’ என்று பள்ளி முடியும் வேளையில் சொல்லும் பழக்கத்தை ஆசிரியர்கள் விட வேண்டும். குறைந்தது இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் உதவியாளர் நிதானமாகச் செய்வார்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எந்த வரிசையில், எங்கே கவனம் தேவை, மீந்ததை என்ன செய்வது ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். ஆசிரியரும் உதவியாளரும் சேர்ந்தமர்ந்து எழுத வேண்டும். உதவியாளர் மாற்றலாகிப் போகும்போது அவர் கற்றது அவருடனேயே போய்விடாமல், அடுத்து வருபவரின் கையில் முதல் நாளே கிடைக்கும்.