ஆகஸ்ட் வெயிலில் இலையுதிர்காலம்

ஜப்பானின் மட்சுயாமா நகரத்தில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கவிதைக்காக மல்லுக்கட்டுகிறார்கள். 1998இல் தொடங்கிய ‘ஹைக்கூ கோஷியன்’ போட்டி அது. அணிக்கு ஐந்து பேர். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. ஓர் அணி தன் ஹைக்கூவை வாசித்ததும் எதிரணி மடக்கும்: இந்த இடத்தில் ஏன் இந்தப் பூ? வேறு பூ வந்தால் என்ன கெட்டுவிடும்? பதில் சொல்லியாக வேண்டும். பிறகு நடுவர்கள் கொடியைத் தூக்குவார்கள். எழுதியதற்கு மட்டுமல்ல, அதைப் பற்றிப் பேசியதற்கும் மதிப்பெண் உண்டு.

பெரியவர்களின் ‘குகாய்’ கூட்டங்களில் இதே வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. ஆளுக்குச் சில ஒல்லியான காகிதத் துண்டுகள். துண்டுக்கு ஒரு கவிதை. பெயர் போடக் கூடாது. எல்லாவற்றையும் கலைத்துப் பிரித்துக் கொடுப்பார்கள். தனக்கு வந்ததை ஒவ்வொருவரும் வேறு தாளில் படியெடுக்க வேண்டும். கையெழுத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதல்லவா? தாள்கள் கைமாறிச் சுற்றி வரும்போது பிடித்ததைக் குறித்துக்கொள்வார்கள். தேர்வானவை உரக்க வாசிக்கப்படும்போதுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். குருவின் கவிதையை ஒருவரும் சீந்தாமல் போகலாம்; நேற்று வந்து சேர்ந்தவரின் கவிதையைப் பலரும் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஹைக்கூ பழக இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

பாரதி 1916இலேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். ஆகவே ஹைக்கூவுக்கு இங்கே அறிமுகம் வேண்டியதில்லை. என் கவலை வேறு. பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து வாதாடும் அந்த ஆகஸ்ட் நாட்கள், ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் பருவச்சொற்களின் தொகுப்பான ‘சாய்ஜிகி’யின் கணக்கில் இலையுதிர்காலம்! ஆகஸ்ட் 7 அல்லது 8ஆம் தேதியோடு அதில் கோடை முடிந்துவிடுகிறது.

1873இல் ஜப்பான் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது இந்தக் குழப்பம் கூடிவிட்டது. தனபாட்டா என்னும் நட்சத்திரத் திருவிழா, பழைய நாட்காட்டியின் ஏழாம் மாதம் ஏழாம் நாள், தொகுப்பில் இலையுதிர்காலத்துக்கு உரியது. இன்று பல ஊர்கள் ஜூலை 7இல், மழைக்கால மேகத்துக்குக் கீழே அதைக் கொண்டாடுகின்றன. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் தொட்டியில் வளர்த்து, கோடை விடுமுறையில் வீட்டுக்குத் தூக்கிச் செல்லும் அசகாவோ பூவும் இலையுதிர்காலத்துச் சொல்தான். தர்பூசணிகூட அப்படியே.

இப்போது வானமும் தடம் மாறுகிறது. கியோட்டோவில் செர்ரி மலர்ச்சி பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. அவற்றில் மிக முந்திய முழு மலர்ச்சிகளில் ஒன்று 2021 மார்ச் 26. அதே ஆண்டில் அரசின் பருவக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து விலங்கு, பறவை, பூச்சிகள் அத்தனையும் நீக்கப்பட்டு, தாவரங்களில் ஆறு மட்டும் மிஞ்சின. மின்மினியும் தகைவிலானும் அதில் போயின. நகரத்துப் பிள்ளை மின்மினியை எங்கே போய்ப் பார்க்கும்? தொகுப்பைப் புரட்டித்தான் எழுதும்.

பருவச்சொல் மரபின் நினைவு, வானிலை அறிக்கை அல்ல என்பார்கள். கவிஞர் சான்டோகா போலப் பருவச்சொல்லை உதறிவிட்டு எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சொற்கள் தொகுப்புக்குள் வந்ததே யாரோ கண்ணால் பார்த்ததால்தான். மட்சுயாமாவில் பிறந்த ஹைக்கூ கவிஞர் ஷிகி, முதுகெலும்புக் காசநோயால் டோக்கியோவில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தோட்டத்துப் பீர்க்கங்கொடியைப் பார்த்துப் பார்த்து எழுதினார். 1902 செப்டம்பர் 19இல் இறந்தார். அந்த நாளுக்கே பீர்க்கின் பெயர் வந்து, அதுவும் ஒரு பருவச்சொல்லாகிவிட்டது. கண்டதைக் கண்டபடி எழுது என்று வாதாடிய மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான அஞ்சலி இல்லை.

குறிப்பேட்டோடு நடந்துபோய் எழுதிவரும் ‘கின்கோ’ வழக்கத்தை ஜப்பானியக் குழுக்கள் இன்னும் கைவிடவில்லை. அந்த நடையில் கண்ட பூவை, தொகுப்பு எந்தப் பருவத்தில் வைத்திருந்தாலும், கண்ட மாதத்துக்கே உரியதாக எழுத இளையவர்களை விட வேண்டும். தொகுப்பாளர்கள் புதிய சொற்களைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பழையவற்றை இடம் மாற்றத்தான் பலர் தயங்குகிறார்கள். அசகாவோவைக் கோடைக்கு நகர்த்துவதில் அவர்கள் தொடங்கலாம்.