நைல் சதுப்பில் முளைத்த கடுதாசி

ஊரில் வயதானவர்கள் இன்றும் கடிதத்தைக் ‘கடுதாசி’ என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் விவிலியம் வாசிக்கப்படுகிறது. விடிந்ததும் வாசலில் பேப்பர் விழுகிறது. ரேஷன் கடை வரிசையில் எல்லோர் கையிலும் கார்டு இருக்கிறது. கடுதாசி, விவிலியம், பேப்பர், கார்டு. ஓசையில் ஒன்றோடொன்று ஒட்டாத இந்த நான்கு சொற்களையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், எகிப்தில் நைல் நதியின் சதுப்பில் வளர்ந்த ஒரு கோரையிடம் போய்ச் சேரலாம். அதன் பெயர் பாப்பிரஸ்.

பார்த்தவுடன் புல் என்றுதான் சொல்லத் தோன்றும். தாவரவியல் அதைப் புல்லினத்தில் சேர்ப்பதில்லை. பாய் நெய்கிற கோரையும், வயலில் களையெடுப்பவர்களை வாட்டுகிற கோரைக்கிழங்கும் அடங்கிய சைப்பரஸ் பேரினமே இதற்கும் தாய்வீடு. கணு இல்லாத, மூன்று பட்டை கொண்ட தண்டு நான்கைந்து மீட்டர் வரை எழும்பும். உச்சியில் சாமரம் விரித்தாற்போல் மெல்லிய கதிர்கள் சரிந்து நிற்கும்.

எகிப்தியர்கள் இதைக் கொண்டு கயிறு திரித்தார்கள், பாய் முடைந்தார்கள், செருப்பும் படகும் கட்டினார்கள். தண்டின் அடிப்பாகத்தைத் தின்றார்கள். அவர்களுடைய சித்திர எழுத்தில் பாப்பிரஸ் தண்டின் வடிவத்துக்கு ‘வாஜ்’ என்று ஒலிப்பு. பசுமை, செழிப்பு என்ற பொருள்களையும் அதுவே சுமந்தது. கழிமுகப் பகுதியான கீழ் எகிப்துக்கு இந்தச் செடியே சின்னம்.

தண்டு தாளான விதம்

தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெண்சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். அவற்றை நெருக்கமாக அடுக்கி, மேலே குறுக்குவாட்டில் இன்னொரு வரிசையைப் பரப்பி, அழுத்திக் காயவைத்தால் செடியின் சாறே பசையாகிப் பிடித்துக்கொள்ளும். தாள்களை வரிசையாக ஒட்டினால் சுருள் ஆகும். எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்டன. கூஃபு மன்னரின் பிரமிடுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிச்சென்ற படகுக் குழுவின் தலைவர் மெரெர் வைத்திருந்த நாட்குறிப்பும் அவற்றில் உண்டு. வயது சுமார் 4,500 ஆண்டுகள்.

ஒரு செடி, பல பெயர்

இந்தத் தாளை வாங்கிய கிரேக்கர்கள் செடியை இரண்டு பெயரில் அழைத்தார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், உண்ணும் செடியாகப் பேசும்போது ‘பாப்பிரோஸ்’ என்கிறார். கயிறு, பாய் போன்றவற்றுக்கான பொருளாகப் பேசும்போது ‘பிப்லோஸ்’ என்கிறார். பயனைப் பார்த்துப் பெயர் மாறுகிறது.

பிப்லோஸ் என்பதிலிருந்து ‘பிப்லியோன்’ பிறந்தது. சுருள், நூல் என்று பொருள். அதன் பன்மை ‘பிப்லியா’ பைபிள் ஆயிற்று, தமிழில் விவிலியம் ஆயிற்று. பாப்பிரோஸ் லத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் ‘பாப்பியே’ ஆகி, ஆங்கிலத்தில் பேப்பர் ஆகி நம் வாசலுக்கு வந்தது. நாம் பழகிய ‘காகிதம்’ இந்தக் குடும்பம் அல்ல. அது பாரசீக வழியில் வந்தது.

பாப்பிரஸ் தாளுக்குக் கிரேக்கத்தில் இன்னொரு பெயர், ‘கார்ட்டெஸ்’. லத்தீனில் அது ‘கார்ட்டா’. அதன் ஒரு கிளை ஐரோப்பா வழியே கார்டு, சார்ட் என்று வந்தது. இன்னொரு கிளை அரபுக்குள் புகுந்து ‘கிர்தாஸ்’ ஆனது. அதைப் போர்த்துகீசியர் ‘கர்தாஸ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் ஓடும் வணிகக் கப்பல்கள் தங்களிடம் வாங்க வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்திய அனுமதிச் சீட்டுக்கும் அதே பெயர்தான். சீட்டில்லாத கப்பலைப் பறிமுதல் செய்தார்கள். அந்தச் சொல்தான் தமிழில் ‘கடுதாசி’யாகி, மகனிடமிருந்து சேதி வருமா என்று காத்திருந்த வீடுகளுக்குள் குடியேறியது.

அந்தச் சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கரைக்கும் அந்தக் கோரைக்கும் உறவு உண்டு. வியன்னாவில் உள்ள கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைத் தாங்கியிருக்கிறது. மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைக் கரை நறுமணத் தைலம், யானைத் தந்தம். 1985-இல் இது பதிப்பிக்கப்பட்ட பிறகு, முசிறி வணிகத்தின் அளவைப் பற்றி ஆய்வாளர்கள் புதிதாகப் பேசத் தொடங்கினார்கள்.

நம் கோரையின் பெயர்கள்

சீனத்தில் தோன்றிய காகிதம் அரபு நாடுகள் வழியே பரவியதும் பாப்பிரஸ் தாள் மறைந்தது. பெயர்கள் மட்டும் மரக்கூழ்த் தாளின் மேல் ஏறிப் பிழைத்துக்கொண்டன. தமிழிலோ நிலைமை தலைகீழ். கோரை இன்னும் ஆற்றோரங்களில் நிற்கிறது. அதன் பழைய பெயர்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. சங்க நூல்களில் கோரைக்குச் ‘சாய்’ என்று பெயர். பசுமை சேர்ந்தால் ‘பைஞ்சாய்’. அதைக் கொண்டு பாவை செய்து சிறுமியர் விளையாடினார்கள். பூம்புகார் அருகே திருச்சாய்க்காடு என்ற ஊர்ப்பெயரில் அந்தச் சொல் தங்கியிருக்கிறது. பேச்சில் இல்லை.

ஒரு செடியை உண்பவர் என்ன பெயரில் அழைத்தார், கயிறு திரித்தவர் என்ன பெயரில் அழைத்தார் என்ற வேறுபாட்டை 2,300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மதித்து எழுதிவைத்தார். அதனால்தான் இவ்வளவு தூரம் நம்மால் பின்தொடர முடிகிறது. பத்தமடையில் கோரையை ஊறவைத்து, கிழித்து, சாயமேற்றி நெய்பவர்களுக்கு ஒவ்வொரு பக்குவத்துக்கும் சொல் உண்டு. களையெடுக்கும் பெண்களுக்கும் கிழங்கைத் தேடும் சித்த மருத்துவர்களுக்கும் வேறு வேறு சொற்கள் உண்டு. அவற்றைக் கேட்டு, யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்பதோடு சேர்த்து எழுதிவைப்பது தமிழ்த் துறைகளும் தாவரவியல் துறைகளும் கைகோத்துச் செய்ய வேண்டிய வேலை. சொல்பவர்கள் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.