நான்கு துறைகள், ஒரு குழந்தை

பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்குச் சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. அலுவலகங்களுக்கிடையே காகிதம் சுமக்கும் வேலை மட்டும் பாட்டிகளின் தலையில் விழுந்திருக்கிறது.

ராஜஸ்தானில் புதிய கல்வியாண்டு தொடங்கியதும் சிறு ஊர்களின் இ-மித்ரா சேவை மையங்களில் ஒரு தனிக் கூட்டம் சேரும். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு தாள். நிற்பவர்களில் பாட்டிகள் உண்டு, சித்தப்பாக்கள் உண்டு, தம்பி தங்கைகளைத் தாமே வளர்க்கும் அண்ணன்களும் உண்டு. அந்தத் தாள் சொல்வது ஒரே விஷயம்: இந்தக் குழந்தை இந்த வருடமும் பள்ளியில் படிக்கிறது. அது கணினியில் ஏறினால் மாத உதவித்தொகை தொடரும். ஏறாவிட்டால் நின்றுவிடும்.

திட்டத்தின் பெயர் 'பாலன்ஹார்'. பேணி வளர்ப்பவர் என்று பொருள். மாநிலத்தின் சமூகநீதித் துறை 2005ல் இதைத் தொடங்கியபோது தாய் தந்தை இருவரையும் இழந்த தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்கு மட்டுமே உதவி கிடைத்தது. பிறகு எல்லாச் சாதியினருக்கும் விரிந்தது. யோசனை எளிமையானது. ஆதரவற்ற பிள்ளையை விடுதியில் சேர்ப்பதைவிட, தெரிந்த முகங்களுக்கு நடுவே, சித்தி வீட்டிலோ பாட்டி வீட்டிலோ வளர விடுவது நல்லது. வளர்ப்பவருக்கு அரசு பணம் தரும். ஒரே நிபந்தனை படிப்பு. 2 வயதானால் அங்கன்வாடிக்குப் போக வேண்டும். 6 வயதானால் பள்ளிக்கு. வளர்க்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது.

பல வருடங்கள் இந்தத் தொகை சின்னக் குழந்தைக்கு மாதம் 500 ரூபாய், பள்ளிப் பிள்ளைக்கு 1000 ரூபாய் என்றே இருந்தது. உடை, செருப்பு, ஸ்வெட்டருக்காகப் பெரும்பாலான பிரிவினருக்கு வருடத்துக்கு 2000 ரூபாய் தனி. பிற்பாடு இரு பெற்றோரையும் இழந்தவர்களுக்கு மாதத் தொகை 1500, 2500 ரூபாயாக உயர்ந்தது. பெரிய பணமில்லை. ஆனால் கூலி வேலை பார்க்கும் சித்தப்பா வீட்டில், கூடுதலாக வந்து சேர்ந்த ஒரு வாயைப் பாரமாக நினைப்பதா, குடும்பத்தில் ஒருவராக நினைப்பதா என்பதை இந்தப் பணம் பல சமயம் தீர்மானித்துவிடும்.

பயனாளிகளின் பட்டியலைப் படித்தால் ராஜஸ்தானத்துத் துயரங்களின் வரைபடம் ஒன்று கண்முன் விரிகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ பெற்றவர்களின் குழந்தைகள். விதவை உதவித்தொகை பெறும் தாயின் மூன்று குழந்தைகள் வரை. மறுமணம் செய்துகொண்ட விதவையின் குழந்தைகள். எய்ட்ஸ், தொழுநோய் கண்ட பெற்றோரின் குழந்தைகள். மாற்றுத்திறனாளிப் பெற்றோரின் குழந்தைகள். விவாகரத்தான, கைவிடப்பட்ட பெண்களின் குழந்தைகள். கல் சுரங்கங்களிலும் கல் செதுக்கும் பட்டறைகளிலும் தூசியைச் சுவாசித்துச் சிலிகோசிஸ் நோயில் நுரையீரல் இறுகிப்போனவர்களின் குழந்தைகள். நாடெங்கும் கோயில்களுக்கும் மாளிகைகளுக்கும் போகும் ராஜஸ்தான் கல்லுக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

இன்னொரு பிரிவு வெளியூர்க்காரர்களைத் திகைக்க வைக்கும். அது 'நாதா' போன தாயின் குழந்தைகள். மேவார், வாகட் பகுதிகளில் பழங்குடியினரிடமும் வேறு சில சமூகங்களிடமும் உள்ள பழைய வழக்கம் இது. ஒரு பெண் கணவனை விட்டு, அல்லது கணவன் இறந்தபின், மறு சடங்கு ஏதுமின்றி வேறொருவருடன் வாழப் போகலாம். பெண்ணுக்குச் சுதந்திரம் தரும் வழக்கம் என்று பாராட்டுபவர்கள் உண்டு. பணம் கைமாறும் பேரம் என்று கண்டிப்பவர்களும் உண்டு. இரு தரப்பும் அதிகம் பேசாதது பின்தங்கிவிடும் பிள்ளைகளைப் பற்றி. புது வீட்டில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. தாய் உயிரோடு இருப்பதால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் அனாதைகளும் அல்ல. மத்திய அரசின் எந்தப் படிவத்திலும் பெயரில்லாத இந்தப் பிள்ளைகளை ஒரு மாநிலத் துறை தன் படிவத்தில் தனிக் கட்டமாகச் சேர்த்திருக்கிறது. அதிகார வர்க்கம் எப்போதாவது செய்யும் இத்தகைய காரியங்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

தொல்லை தொடங்குவது அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான். இறப்புச் சான்றிதழ் கிராமப் பஞ்சாயத்திலிருந்து வர வேண்டும். எய்ட்ஸ் என்றால் சிகிச்சை மையத்தின் பதிவு. அது சுகாதாரத் துறை. சிலிகோசிஸ் என்றால் மருத்துவக் குழுவின் சான்று. ஆயுள் தண்டனை என்றால் தீர்ப்பின் நகல். தாய் நாதா போயிருந்தால் அவள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி. சின்னக் குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது என்று சொல்ல வேண்டியது பெண்கள், குழந்தைகள் நலத் துறை. பள்ளிக்குப் போகிறது என்று சொல்ல வேண்டியது கல்வித் துறை. விண்ணப்பத்தை அங்கீகரிப்பது கிராமமானால் வட்டார வளர்ச்சி அதிகாரி, நகரமானால் சமூகநீதித் துறையின் மாவட்ட அதிகாரி. இத்தனை பேரும் ஒரே அரசாங்கத்தின் ஊழியர்கள். இவர்களுக்கிடையே தகவல் கொண்டு செல்லும் தபால்காரர் மட்டும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி.

அரசுப் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள் என்ற விவரம் மாநிலக் கல்வித் துறையின் 'ஷாலா தர்பண்' கணினிப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. குடும்பங்களின் விவரம் 'ஜன் ஆதார்' அட்டையில் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தாலே குழந்தை படிக்கிறதா என்று தெரிந்துவிட வேண்டும். சில இடங்களில் அப்படித் தெரியவும் செய்யும். ஆனால் பள்ளிப் பதிவில் குழந்தையின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சித்தப்பா பெயர் ஏறியிருந்தால், கணினி கைவிரித்துவிடும். மறுபடியும் பிளாஸ்டிக் உறை.

ராஜஸ்தானின் கதை ஒரு மாநிலத்தோடு முடிவதில்லை. 2015ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிள்ளையைப் பெற்றோரோ தத்தெடுத்தவரோ அல்லாத வேறொரு குடும்பத்தில் வளர்க்க வழி செய்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு உத்தரவிட வேண்டும். கல்வி, உடல்நலம், உணவு மூன்றுக்கும் வளர்ப்புக் குடும்பம் பொறுப்பு. குழு மாதந்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை உறவினர் வீட்டிலேயே இருந்தால் அதற்கு 'ஆதரவு நிதி' என்று தனி ஏற்பாடு. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் 2022ம் ஆண்டு நெறிமுறைகளின்படி இரண்டுக்கும் மாதம் 4000 ரூபாய். அதற்கு முந்தைய திட்டத்தில் 2000 ரூபாய்தான் இருந்தது. சட்டத்தில் 2021ல் செய்த திருத்தம் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவையும் நலக் குழுவையும் கலெக்டரின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது. பள்ளி, மருத்துவமனை, பஞ்சாயத்து, காவல் நிலையம் ஆகிய நான்கையும் ஒரே மேஜைக்கு அழைக்கக்கூடியவர் மாவட்டத்தில் அவர் ஒருவர்தான் என்பதால் இது சரியான முடிவே. ஏற்கெனவே நூறு குழுக்களுக்குத் தலைவராக இருப்பவர் நூற்றோராவது குழுவுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவார் என்பது வேறு விஷயம்.

இந்த ஆதரவு நிதியிலும் படிப்பு நிபந்தனைதான். பள்ளிக்குப் போகும் பிள்ளை 30 நாட்களுக்கு மேல் வராவிட்டால் பணத்தை நிறுத்தி வைக்கலாம். சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. பொதுப்பணம் வீணாகக்கூடாது என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் தாயைப் பறிகொடுத்த பத்து வயதுப் பையன் ஒரு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை என்றால், அந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். பாட்டி படுத்த படுக்கையாக இருக்கலாம். பையனை ஆடு மேய்க்கவோ ஓட்டல் வேலைக்கோ அனுப்பியிருக்கலாம். உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் மாதம் அதுதான். வருகைப் பதிவேட்டில் விழும் அந்த ஓட்டை, கருவூலத்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தால், யாராவது கதவைத் தட்டிப் பார்க்கலாம். நிபந்தனை ஒன்றேதான், தகவல் எந்த மேஜைக்கு முதலில் போகிறது என்பதைப் பொறுத்து அது உதவியாகவும் ஆகும், தண்டனையாகவும் ஆகும்.

பள்ளி மாறுவது இன்னொரு கண்டம். பெற்றோர் இறந்தபின் பிள்ளை பெரும்பாலும் வேறு ஊருக்குப் போகிறது, அதுவும் வருடத்தின் நடுவில். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இதில் தெளிவாகவே இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. சான்றிதழ் தராமல் இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கலாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் திருப்பி அனுப்பக்கூடாது. தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டை வைத்திருப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. பஞ்சாயத்து அந்தப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தால், ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளையின் பெயர் யாரும் கேட்காமலேயே பள்ளிக்குப் போய்விடும்.

இதெல்லாம் நடக்காத காரியமில்லை என்பதைக் கொரோனா காலம் காட்டியது. 2021 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், 2020 மார்ச்சுக்குப் பின் பெற்றோரை இழந்த குழந்தைகளை மாவட்ட நிர்வாகங்கள் தேடிக் கண்டுபிடித்து, 'பால் ஸ்வராஜ்' என்ற கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும் என்றது. அடுத்த உத்தரவுக்குக் காத்திராமல் அவர்களின் தேவைகளைக் கவனிக்கவும் சொன்னது. அவர்கள் படிப்பு அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் தடைபடக்கூடாது என்றது. அதே மே மாதக் கடைசியில் பிரதமரின் குழந்தைகள் திட்டம் அறிவிக்கப்பட்டது. 23 வயதில் 10 லட்சம் ரூபாய், அதுவரை படிப்பு உதவி. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு கலெக்டருக்கு. வழக்கமாகக் குழந்தை அலுவலகத்தைத் தேடி அலையும். அந்தச் சில மாதங்கள் அலுவலகம் குழந்தையைத் தேடியது. ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் தொற்று நோயில் பெற்றோரை இழந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. அதே தெருவில் காசநோயில் தகப்பனையும் பிரசவத்தில் தாயையும் இழந்த குழந்தைக்குப் பழைய வரிசையே மிச்சம்.

இமாசலப் பிரதேசம் வேறு வழியில் போனது. 2023ல் முதலமைச்சர் சுக்விந்தர் சிங் சுக்குவின் அரசு 'சுக் ஆஷ்ரய்' சட்டத்தை நிறைவேற்றி, சுமார் 6000 ஆதரவற்ற பிள்ளைகளை 'மாநிலத்தின் குழந்தைகள்' என்று அறிவித்தது. கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, கைச்செலவுக்கு மாதம் 4000 ரூபாய் என்று 27 வயது வரை அரசே பெற்றோர் ஸ்தானத்தில் நிற்கிறது. பண்டிகைக்குக்கூட ஒரு சிறு தொகை உண்டு. சிறிய மாநிலம், குறைவான எண்ணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம். ஆனால் உதவியை ஒரு துறையின் திட்டமாக விடாமல் சட்டமாக்கியதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துறைகள் ஒன்றை ஒன்று கைகாட்டித் தப்பிக்க முடியாது.

மற்ற மாநிலங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தேவை என்று கேட்டால் கணக்கு எங்கே இருக்கிறது? 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கேட்டதும் அதைத்தான். எத்தனை அனாதைக் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள், ஏன் என்று கணக்கெடுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்களில் இவர்களையும் சேர்க்கச் சொன்னது. சில மாநிலங்கள் அதற்கு முன்பே சேர்த்திருந்தன.

கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. சிறார் நீதிச் சட்டத்தில் 18 வயதுக்குப் பிறகும் கைகொடுக்க ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்குத்தான். குடும்பத்தில் வளர்வதே மேல் என்று சொல்லும் சட்டம், குடும்பத்தில் வளர்ந்தவர்களை 18 வயதில் அந்தக் குடும்பத்திடமே விட்டுவிடுகிறது. பாலன்ஹாரும் 18 வயதில் முடிகிறது. பள்ளி மாறியதில் ஒரு வருடம், தம்பியைப் பார்த்துக்கொண்டதில் ஒரு வருடம் என்று பின்தங்கிய பெண்ணுக்கு அந்தப் பிறந்தநாள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே வந்துவிடுகிறது.