அவர் தூங்கட்டும், எழுப்பாதீர்கள்!

எங்கள் நாமக்கல் பக்கம் தெருவுக்குத் தெரு லாரி டிரைவர்கள். என் கணவரும் ஸ்டியரிங் பிடிக்கிறவர்தான். பதினைந்து நாள் கழித்து வந்து இறங்குகிற மனுஷரிடம் கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் என்று நாமும், அடுத்த லோடு ரெடி என்று ஓனரும் பிடித்துக்கொண்டால் அவர் எப்போதுதான் தூங்குவது?

ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை யாருக்குமே தூக்கம் அழுத்தும். டீயும் பாட்டும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்தி 20 நிமிஷம் கண்ணயர வேண்டும். படுக்கும் முன் டீ குடித்தால், எழும்போது அதுவும் வேலை செய்யும்.

எங்கள் வீட்டில் அவர் வந்ததும் குளியல், சாப்பாடு, படுக்கை. ஜன்னலுக்குக் கெட்டிப் போர்வை. மிக்ஸி, டி.வி. கிடையாது. வீட்டுக் கணக்கெல்லாம் எழுந்த பிறகுதான். ஏழு மணி நேரமாவது தூங்காமல் வண்டி ஏற விடமாட்டேன்.

குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா, பகலிலும் தூங்கி வழிகிறாரா என்று கவனியுங்கள். அது வியாதி. டாக்டரிடம் காட்டினால் சிகிச்சை உண்டு. பக்கத்தில் படுக்கிற நமக்குத்தான் அது தெரியும்.

1961-லேயே மோட்டார் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று சட்டம் போட்டார்கள். இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி.யும் கட்டாயம். ரோட்டில் நடப்பது நம் கையில் இல்லை. வீட்டுத் தூக்கம் நம் கையில்தான் சகோதரிகளே! ஒரு நடை போனால் இன்னொரு நடை வரும். மனுஷர் வருவாரா?

- ஒரு லாரி டிரைவரின் மனைவி, நாமக்கல்.